மே மாத ரன்ஆஃப்: மிச்சமிருக்கும் இருவரில் யாருக்கு ஓட்டு? டெக்சாஸ் வாக்காளருக்கு ஒரு முழு வழிகாட்டி

குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ரன்ஆஃப் ஓட்டுச்சீட்டில் ஐந்து பதவிகள் இருந்தன. இரண்டுக்குத்தான் விஷயம் தெரிந்து போட்டேன். மற்ற மூன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன், ஆனால் போனில். அதை வெளியே எடுத்ததுமே அங்கிருந்த தேர்தல் ஊழியர் அணைத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். ஓட்டுப் போடும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போனைப் பயன்படுத்தக் கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பேரையும் பெயர் பார்த்துப் போட்டேன். எந்தப் பெயர் காதுக்கு நன்றாக இருந்ததோ அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரன்ஆஃபுக்கும் ஒரு ஏ4 தாளை நெடுக்கில் மடித்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருகிறேன். மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர். தாளில் என்ன எழுத வேண்டும், எங்கிருந்து எடுத்து எழுத வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

முதலில், இந்த ரன்ஆஃப் எதற்கு?

நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். விருப்பமனு, நேர்காணல், கூட்டணிப் பங்கீடு எல்லாம் முடிந்து பட்டியல் வரும். நாம் சின்னத்தைப் பார்த்துப் போடுவோம். டெக்சாஸில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையே வாக்காளர் தலையில் விழுகிறது. மார்ச் முதல் செவ்வாயன்று இரு கட்சிகளும் பிரைமரி நடத்துகின்றன. அதில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியவரே கட்சியின் வேட்பாளர். ஐந்தாறு பேர் நின்று ஓட்டுச் சிதறி யாருக்கும் பாதி கிடைக்கவில்லையென்றால், முதல் இரண்டு இடத்தில் வந்தவர்கள் மே மாத நான்காம் செவ்வாயன்று மறுபடி மோதுவார்கள். அதுதான் ரன்ஆஃப்.

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா என்று பெரும்பாலும் தெற்கு மாநிலங்களில்தான் இந்த முறை இருக்கிறது. காரணம் வரலாற்றில் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தெற்கே டெமாக்ரட் கட்சி ஒன்றுதான்; அதன் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் தோற்பது அபூர்வம். ஆகவே உண்மையான தேர்தல் பிரைமரிதான். டெக்சாஸில் அந்தப் பிரைமரியில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடவே தடை இருந்தது. ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. பிரைமரியில் ஓட்டில்லை என்றால் ஓட்டே இல்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இன்று கட்சி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை. சட்டமன்றத் தொகுதிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சிக்குச் சாய்வாகவே வரையப்பட்டிருக்கின்றன. அங்கெல்லாம் மே மாதமே முடிவு. நவம்பர் வெறும் சடங்கு.

முதல் சுற்றில் முந்தியவர்தான் ஜெயிப்பார் என்றும் நினைக்க வேண்டாம். 2012 ரிபப்ளிகன் செனட் பிரைமரியில் துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்ட் 44.6 சதவீதம் வாங்கினார். டெட் குரூஸ் என்ற வழக்கறிஞருக்கு 34.2. நம்மூர்க் கணக்கில் டியூஹர்ஸ்ட் அன்றைக்கே வெற்றிச் சான்றிதழ் வாங்கியிருப்பார். இரண்டு மாதம் கழித்து நடந்த ரன்ஆஃபில் குரூஸ் 56.8 சதவீதத்தோடு வந்தார். பதிவு செய்த வாக்காளர் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் இருந்த மாநிலத்தில் அன்று அந்த ரன்ஆஃபில் ஓட்டுப் போட்டது ஏறக்குறைய 11 லட்சம் பேர்.

படி 1: எந்தக் கட்சியின் ரன்ஆஃபில் போடலாம் என்று பாருங்கள்

டெக்சாஸில் வாக்காளர் பதிவின்போது கட்சி கேட்க மாட்டார்கள். ஆனால் மார்ச்சில் ஒரு கட்சியின் பிரைமரியில் போட்டிருந்தால், மே ரன்ஆஃபில் அதே கட்சிதான், மாற முடியாது. மார்ச்சில் போகவே இல்லையா? இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். "மார்ச்சில் போடலையே, இனி எப்படி" என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களுக்குத்தான் உண்மையில் கூடுதல் சுதந்திரம்.

எதில் போட்டாலும் நவம்பரில் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தக் கட்சியின் பிரைமரியில் போட்டீர்கள் என்பது பொதுப் பதிவு, யார் கேட்டாலும் கிடைக்கும். யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். அடுத்த தேர்தலில் உங்கள் தபால்பெட்டி நிறைவது அந்தப் பதிவை வைத்துத்தான்.

இரண்டு கட்சியின் மாதிரி ஓட்டுச்சீட்டையும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலக இணையதளத்தில் எடுத்து, உங்கள் வீட்டு முகவரிக்கு எந்தப் பக்கம் உண்மையான போட்டி இருக்கிறது என்று பாருங்கள். எதிர்க்கட்சியில் போய் பலவீனமான ஆளுக்குப் போட்டு நவம்பரில் சுலபமாக்கலாம் என்று சிலர் வாட்ஸ்அப்பில் திட்டம் போடுவதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பலவீனமானவர் என்று நாம் நினைத்தவரே நவம்பரில் ஜெயித்துவிட்டால், நான்கு வருடம் அவரோடு குடித்தனம் நடத்துவது நாம்தான்.

பதிவு செய்யாதவர்களுக்கு: தேர்தலுக்கு 30 நாளுக்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது தவிர, மற்றபடி இங்கே காகிதப் படிவம்தான். அச்செடுத்து, கையெழுத்திட்டு, அஞ்சலில் போட வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் பதிவும் செய்யக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. யாரோ நல்லெண்ணத்தில் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டாலும் நாடு கடத்தல் வரை போகக்கூடிய விஷயம் அது.

படி 2: பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்

ஓட்டுச்சீட்டில் மேலே செனட், ஆளுநர், அட்டர்னி ஜெனரல் என்று பெரிய பெயர்கள். அவர்களைப் பற்றி எப்படியும் செய்தியில் வந்துவிடும். கீழே போகப் போகச் செய்தி குறையும், உங்கள் ஒரு ஓட்டின் எடை கூடும். அதனால் தாளில் நான் கடைசிப் பதவியிலிருந்து தொடங்குவேன்.

இங்கேதான் பதவிப் பெயர்கள் நம்மைக் குழப்பும். கவுண்டி ஜட்ஜ் என்றால், பெரிய கவுண்டிகளில், பெரும்பாலும் பெயரில்தான் நீதிபதி. அவர் கவுண்டியின் நிர்வாகத் தலைவர்; நான்கு கமிஷனர்களோடு உட்கார்ந்து வரவுசெலவு, சாலை, சிறைச்சாலை, பேரிடர் எல்லாவற்றையும் முடிவு செய்பவர். ரயில்ரோடு கமிஷனருக்கு ரயிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்தப் பொறுப்பு 2005-லேயே வேறு துறைக்குப் போய்விட்டது. மூன்று பேர் கொண்ட அந்த ஆணையம் கவனிப்பது எண்ணெய்க் கிணறும் எரிவாயுவும் குழாய்வழியும்.

ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பதவியை யாரும் மதிப்பதில்லை. 20,000 டாலர் வரையிலான உரிமையியல் வழக்குகள் அவரிடம்தான் போகும். வாடகைதாரரை வெளியேற்றும் வழக்கும் அங்கேதான். ஃப்ரிஸ்கோவிலோ கேட்டியிலோ இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் அதே நீதிமன்றத்துக்குத்தான் போவார்கள். அந்தப் பதவிக்கு வழக்கறிஞராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் தடவை நான் பெயர் பார்த்துப் போட்ட மூவரில் ஒருவர் இந்தப் பதவிக்கு நின்றவர்.

பள்ளி வாரியம், நகர மன்றம் இரண்டும் இதில் வராது. கட்சி சார்பற்ற அந்தத் தேர்தல்கள் பல ஊர்களில் மே முதல் சனிக்கிழமை தனியாக நடக்கும். மே மாதத்தில் "நான் ஏற்கெனவே போட்டுட்டேனே" என்பவர்கள் பாதிப் பேர் சொல்வது அந்தத் தேர்தலை.

படி 3: இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மார்ச்சில் ஆறு பேர் நிற்கும்போது "எனக்குப் பிடித்தவர் யார்" என்று கேட்பது சரி. மேயில் அந்தக் கேள்வி உதவாது. உங்களுக்குப் பிடித்தவர் நான்காவதாக வந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்போது கேள்வி ஒன்றுதான்: இந்த இருவரும் எதில் வேறுபடுகிறார்கள்? ஒரே கட்சிக்காரர்கள், பத்தில் ஒன்பது விஷயத்தில் ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள். வரி குறைப்போம், பள்ளியைக் காப்போம், பாதுகாப்பு தருவோம். இருவரும் சொல்வதையெல்லாம் தாளில் எழுதவே வேண்டாம். ஒருவர் மட்டும் சொல்வது, ஒருவர் மட்டும் செய்தது, இவை போதும். இப்படி வடிகட்டினால் ஒரு பதவிக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் தேறாது.

அந்த வரிகளை எங்கே தேடுவது?

ஏற்கெனவே சட்டமன்றத்தில் இருப்பவர் என்றால் அவர் போட்ட ஓட்டைப் பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள்தான் வழக்கமாகக் கூடும். மசோதா, திருத்தம், யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதன் இணையதளத்தில் இருக்கிறது, குழு விசாரணை வீடியோ உட்பட. புதியவர் என்றால் அவர் இதற்குமுன் வகித்த உள்ளூர்ப் பொறுப்பு, தொழில், வழக்குகள். நீதிபதிப் பதவிக்கு நிற்பவரை மாநில வழக்கறிஞர் சங்கத்தின் தேடலில் போட்டால் எத்தனை வருடமாக வழக்கறிஞர், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று காட்டும். பதவியிலிருக்கும் நீதிபதி என்றால் மாநில நீதித்துறை ஒழுங்கு ஆணையம் பகிரங்கமாகக் கண்டித்திருக்கிறதா என்று பார்க்கலாம். டாலஸ், ஹூஸ்டன் போன்ற ஊர்களில் உள்ளூர் வழக்கறிஞர் சங்கங்கள் நீதிபதிகளைப் பற்றித் தம் உறுப்பினர்களிடமே கருத்துக் கேட்டு வெளியிடுவதும் உண்டு.

லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பு யாரையும் ஆதரிப்பதில்லை. வேட்பாளர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிலை அப்படியே போடும். இருவரைப் பக்கத்தில் வைத்துப் படிக்க அது வசதி. பதில் அனுப்பாதவர் பெயருக்கு நேரே காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தையும் நான் தாளில் குறித்துக்கொள்வேன்.

படி 4: பணம் எங்கிருந்து வருகிறது?

சட்டமன்ற, ஆளுநர் பதவிகளுக்கு நிற்பவர் ஒருவரிடமிருந்து எவ்வளவு நன்கொடை வேண்டுமானாலும் வாங்கலாம். உச்சவரம்பே கிடையாது, நீதிபதிகளுக்கு மட்டும் உண்டு. ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். ரன்ஆஃபுக்கு எட்டு நாள் முன்னதாக ஓர் அறிக்கை மாநில எதிக்ஸ் கமிஷனில் தாக்கலாகும். கவுண்டிப் பதவி என்றால் உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்தில். அந்த அறிக்கையில் நன்கொடையாளர் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். முழுதும் படிக்க வேண்டாம். பெரிய ஐந்து தொகைகளைப் பாருங்கள். அந்த ஐவருக்கு இந்தப் பதவியிலிருந்து என்ன வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

இதற்கு 2024-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2023 நவம்பரில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தைச் சட்டமன்றக் கீழவை 84-க்கு 63 என்று மசோதாவிலிருந்து நீக்கியது. அப்படி ஓட்டுப் போட்டவர்களில் ரிபப்ளிகன்கள் 21 பேர். ஆளுநர் கிரெக் அபட் தன் கட்சிக்காரர்களுக்கு எதிராகவே களத்தில் இறங்கினார். வவுச்சரை ஆதரிக்கும் பென்சில்வேனியாக் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் அவருக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். ஆனால் தொகுதிகளில் வந்த விளம்பரங்கள் பலவும் பேசியது எல்லைப் பாதுகாப்பைப் பற்றி! பள்ளியைப் பற்றிய சண்டை என்பது தபாலில் வந்த விளம்பர அட்டையைப் படித்தவருக்குத் தெரியாது, கணக்கைப் படித்தவருக்குத் தெரியும். மார்ச்சிலும் மே ரன்ஆஃபிலும் அந்த எதிர்ப்பாளர்களில் பலர் தோற்றார்கள். 2025-ல் வவுச்சர் சட்டமாகிவிட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். அதைத் தீர்மானித்த தேர்தல் பெரும்பாலானோர் போடாமல் விட்ட தேர்தல்.

படி 5: தபால்பெட்டி அட்டைகளைக் குப்பையில் போடுமுன்

ரன்ஆஃப் சமயத்தில் தினம் இரண்டு மூன்று பளபளப்பு அட்டைகள் வரும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் எறும்பு எழுத்தில் "அரசியல் விளம்பரம், பணம் செலுத்தியவர்" என்று ஒரு வரி. அந்தப் பெயர் வேட்பாளருடையதா, நீங்கள் கேள்விப்படாத ஏதோ அமைப்பினுடையதா? குடும்பம், சுதந்திரம், டெக்சாஸ் ஆகிய மூன்று சொற்களில் குறைந்தது இரண்டு அதன் பெயரில் இருக்கும். அந்தப் பெயரையும் எதிக்ஸ் கமிஷன் தேடலில் போடலாம்.

அட்டையில் உள்ள குற்றச்சாட்டைச் சரிபார்க்க எனக்கு ஒரே வழிதான். தேதியும் மசோதா எண்ணும் இருந்தால் போய்ப் பார்ப்பேன். இல்லையென்றால் அது தாளில் ஏறாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பதவிக்கே இல்லாத அதிகாரத்தை வாக்குறுதியாகத் தருகிறாரா? கவுண்டி வரி வசூல் அலுவலர் உங்கள் சொத்துவரியைக் குறைக்க முடியாது. வரிவிகிதத்தை நிர்ணயிப்பது கமிஷனர்களும் நகரமும் பள்ளி மாவட்டமும். கான்ஸ்டபிள் பதவிக்கு (இங்கே அதற்கும் தேர்தல் உண்டு; நீதிமன்ற உத்தரவுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை) நிற்பவர் எல்லையைக் காப்பேன் என்றால், ஒன்று அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஆதரவுப் பட்டியல்களை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் யார் ஆதரித்தார் என்பதோடு ஏன் என்றும் கேட்க வேண்டும். 2023 மே மாதம் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் குற்றச்சாட்டுத் தீர்மானம் (இம்பீச்மென்ட்) கீழவையில் 121-க்கு 23 என்று நிறைவேறியது. செப்டம்பரில் மேலவை அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு அவர், தனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களின் போட்டியாளர்களுக்கு வரிசையாக ஆதரவு தந்தார். அவைத் தலைவர் டேட் ஃபீலன் மார்ச்சில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, ரன்ஆஃபில் 400-க்கும் குறைவான ஓட்டில் தப்பித்தார். ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருப்பவர்கள் அதைவிட அதிகம்.

படி 6: நேரில் கேளுங்கள்

ஓட்டு எண்ணிக்கை குறைவு என்பது உங்களுக்கு ஒரு சௌகரியம். கவுண்டிப் பதவிக்கு நிற்பவருக்கு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அவரே பதில் எழுதுவார். கதவைத் தட்ட வருபவர் தன்னார்வலர் இல்லாமல் வேட்பாளராகவே இருப்பதும் உண்டு. நான் கேட்பது இரண்டே கேள்வி. "உங்களுக்கும் உங்கள் போட்டியாளருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு எது?" "இந்தப் பதவியில் முதல் வருடம் எந்தச் செலவைக் குறைப்பீர்கள் அல்லது கூட்டுவீர்கள்?" போட்டியாளரைத் திட்டாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்பவர் குறைவு. சொன்னால் மடிப்புக்கு அவர் பக்கம் ஒரு கோடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பதவிக்கு இருவரும் ஒரே மாதிரி தெரிந்தால் அதைக் காலியாக விடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும். பெயர் பார்த்துப் போடுவதைவிட அது மேல் என்பது என் வாதம். என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

படி 7: ஊருக்கு டிக்கெட் போடுமுன் தேதியைப் பாருங்கள்

மே கடைசி வாரம் பள்ளி விடுமுறை தொடங்கும், மெமோரியல் டே நீண்ட வார இறுதி வரும், சென்னை விமானமும் அப்போதுதான். 2024-ல் மெமோரியல் டேக்கு மறுநாளே ரன்ஆஃப். நம்மவர் ஓட்டு குறைவதற்கு அக்கறையின்மை ஒரு காரணம் என்றால் கத்தார் ஏர்வேஸ் இன்னொரு காரணம். முன்கூட்டியே ஓட்டுப் போடும் காலம் ரன்ஆஃபுக்கு முந்தைய வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து நாள்தான். மார்ச்சில் இருப்பதுபோல் இரண்டு வாரம் கிடையாது. அந்த ஐந்து நாளில் உங்கள் கவுண்டியில் எந்தச் சாவடியிலும் போடலாம். தேர்தல் நாளில் எல்லாக் கவுண்டியிலும் அப்படி முடியாது, சில இடங்களில் உங்களுக்குரிய சாவடிக்கே போக வேண்டும்.

அந்த வாரமும் தேர்தல் நாளும் கவுண்டியில் இருக்க மாட்டீர்கள் என்றால் தபால் ஓட்டு கேட்கலாம். 65 வயதானவர்களுக்கும் உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கும் அது எப்போதும் உண்டு. விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிம எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ விண்ணப்பத்திலும் உறையிலும் எழுத வேண்டும். பதிவின்போது கொடுத்த எண்ணோடு அது பொருந்த வேண்டும். இந்த விதி புதிதாக வந்த 2022 மார்ச்சில் தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம் தள்ளுபடியாயின. அம்மா அப்பாவுக்கு நிரப்பிக் கொடுப்பவர்கள் இரண்டு எண்ணையும் எழுதிவிடுவது நல்லது.

படி 8: சாவடிக்குப் போகும்போது

டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், புகைப்படத்துடன் கூடிய குடியுரிமைச் சான்றிதழ், ராணுவ அட்டை, கைத்துப்பாக்கி உரிமம், தேர்தல் அடையாளச் சான்று, இவற்றில் ஏதேனும் ஒன்று. காலாவதியாகி நான்கு வருடம் வரை செல்லும். 70 வயதானவருக்கு அந்த வரம்பும் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு உதவியாக நீங்கள் உள்ளே போகலாம். கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது, அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. உதவியாளராகப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பயப்பட வேண்டாம்.

சாவடி காலை 7 முதல் மாலை 7 வரை. 7 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் எத்தனை மணியானாலும் போட்டுவிட்டுத்தான் வரலாம். வேட்பாளர் பெயர் போட்ட பனியன், தொப்பி 100 அடிக்கு வெளியே.

வரிசையில் நிற்கும்போது என் பையனுக்கு நான் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1948 ஆகஸ்டில் நடந்த டெமாக்ரட் செனட் ரன்ஆஃபில் கிட்டத்தட்ட 9 லட்சத்து 88 ஆயிரம் ஓட்டு விழுந்தது. லிண்டன் ஜான்சன் 87 ஓட்டில் ஜெயித்தார். வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்து ஜிம் வெல்ஸ் கவுண்டியின் 13-ஆம் எண் பெட்டியில் திடீரென்று 200 ஓட்டு முளைத்தது. பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பெயர்கள் அகர வரிசையில், ஒரே மையில் இருந்தனவாம். 15 வருடம் கழித்து அவர் ஜனாதிபதி. பையன் சிரித்துவிட்டு, "அந்தப் பெட்டிக்காரர்களும் உன்னை மாதிரி தாளோடு வந்திருப்பார்கள்" என்றான்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். காகிதக் குறிப்புக்குத் தடையில்லை. வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள். தடுப்புக்குள் விட்டுவிட்டு வந்தால் தேர்தல் ஊழியர்தான் பொறுக்கிப் போட வேண்டும்.